மார்வாவின் மெதுவான டார்பிடோக்கள்

ஜனவரியில் அமெரிக்காவின் வடக்கோரத்து டுலூத் நகரத்தில் ஒரு வீட்டு ஹீட்டர் நின்றுபோனால், அந்த வீட்டுக்காரர் முதலில் ஒரு கெட்ட வார்த்தை சொல்வார், அப்புறம் மார்வா லிண்ட்க்விஸ்டுக்குப் போன் செய்வார். ஹீட்டர் பழுதுபார்க்கும் கம்பெனியில் போனை எடுப்பதும், எந்த மெக்கானிக் எந்த வீட்டுக்குப் போவது என்று பிரித்து அனுப்புவதும் அவள் வேலை. குரலில் தேன் வழியும். ஆனால் அந்தத் தேனுக்குள் எறும்பு உண்டு.

"ஆள் கிளம்பிட்டார், பயப்படாதீங்க. அதுவரைக்கும் பூனையை மடியில வச்சுக்குங்க. பூனை இல்லையா? அப்ப வீட்டுக்காரரை வச்சுக்குங்க. அவரு பூனை அளவுக்குச் சூடு இருக்க மாட்டார்தான், என்ன பண்றது."

சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். இரும்புத்தாது ஏற்றிப்போகும் கப்பலில் சமையல்காரராக இருந்தவர் அவள் அப்பா. அவர் ஊர் திரும்புகிற நாளில், வீட்டிலுள்ள உப்பு டப்பாவையும் சர்க்கரை டப்பாவையும் மாற்றிவைத்து வரவேற்பவள் அவள். கல்யாணத்தன்று போதகர், "இந்த மனிதனைக் கணவனாக ஏற்றுக்கொள்கிறாயா?" என்று கேட்டபோது, "கொஞ்சம் யோசிச்சுச் சொல்லட்டுமா?" என்றாள். மாப்பிள்ளை ஆர்லன் முகத்தில் ரத்தம் வற்றிப்போனது. தேவாலயமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. நன்றாக ஒரு நிமிடம் எல்லாரையும் தவிக்கவிட்ட பிறகுதான் "சரி" என்றாள். காகித ஆலையில் வேலை பார்த்த ஆர்லன், முப்பது வருஷம் கழித்தும் அந்த ஒரு நிமிடத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் தண்ணீர் குடிப்பான்.

அவள் அனுப்பிவைக்கும் மெக்கானிக்குகளில் மூத்தவன் வெண்டல் க்ராவ்ஸ். வார நாட்களில் மற்றவர்களின் நிலவறைகளில் முழங்காலிட்டு, கரி படிந்த மூக்கோடு திரிவான். சனிக்கிழமை மதியமானால் அவன் அட்மிரல். லூத்தரன் தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் இரண்டு பிங்பாங் மேசைகளைச் சேர்த்துப் போட்டு, கறுப்புத் துணி விரித்து, சனிக்கிரகத்தைச் சுற்றி நடக்கும் ஒரு விண்வெளிப் போரை ஆடுகிற கூட்டம் ஒன்று இருந்தது. ஆட்டத்தின் பெயர் வளையப் போர். விதிகளை எழுதியது வெண்டல். திருத்துவது வெண்டல். பெரும்பாலும் ஜெயிப்பதும் வெண்டல். தோற்பதற்கென்றே ஆர்லன் வாராவாரம் போய்வருவான்.

அந்த ஆட்டத்தின் உயிர் டார்பிடோவில் இருந்தது. தூண்டில் கயிற்றில் கட்டும் ஈயக்குண்டுக்குச் சிவப்புச் சாயம் பூசினால் அதுதான் டார்பிடோ. ஏவும்போது அதன் பக்கத்தில் ஒரு பகடையை வைக்க வேண்டும். மேலே தெரிகிற எண்தான் வேகம். ஆறு என்றால் அம்பு மாதிரி போகும். எதிரிக் கப்பலின் சிறு பீரங்கிகளுக்கு அதைச் சுட ஒரே ஒரு வாய்ப்புதான் கிடைக்கும். ஆனால் அதற்குத் திரும்பத் தெரியாது, எரிபொருளும் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஒன்று என்றால் ஆடி அசைந்து போகும். வேண்டிய பக்கம் திரும்பும், ஆட்டம் முடிகிறவரை எரிபொருளும் இருக்கும். ஆனால் போய்ச் சேருவதற்குள் எதிரி காபி குடித்துக்கொண்டே அதை ஐந்தாறு முறை சுட்டுவிடலாம். ஆகவே எல்லாரும் ஆறில்தான் விடுவார்கள். வெண்டலும் அதற்காகத்தான் காத்திருப்பான். தன் கப்பலை ஐந்தாம் வேகத்தில் முட்டித் தள்ளிக்கொண்டு வருவான். கடைசி நொடியில் ஒரு சின்னத் திருப்பம். ஆறில் வந்ததெல்லாம் நிறுத்தத்தில் நிற்காத பேருந்து போல அவனை உரசிக்கொண்டு போய்விடும். பிறகு கிட்டே வந்து அடித்து நொறுக்குவான்.

ஒரு பிப்ரவரியில் ஆர்லனுக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை நடந்தது. அந்தச் சனிக்கிழமை வெண்டலோடு ஆட வேண்டியது அவன்தான். ஆள் வராவிட்டால் வெண்டல் ஆடாமலே ஜெயித்ததாக ஆகிவிடும்.

"அது மட்டும் நடக்கக் கூடாது, மார்வா. அவன் ஆடி ஜெயிச்சாலே தாங்க முடியாது. ஆடாம ஜெயிச்சான்னா நான் செத்தேன்," என்றான் ஆர்லன் படுக்கையிலிருந்து.

"அதுக்கு?"

"நீ போ. ஆறுல விடு, தோத்துட்டு வா. அது போதும்."

மார்வா போனாள். முட்டி கெட்டுப்போவதற்கு முன்பு அவள் பனித்தளத்தில் கல் வழுக்குகிற கர்லிங் ஆட்டத்தில் பெயர் வாங்கியவள். வெண்டலும் அதே கிளப்பில்தான் ஆடினான். அந்த ஊரில் அதை ஆடாதவர்களை விரல் விட்டு எண்ணலாம். வேகமாகப் போகும் கல் நேராகப் போகும், மெதுவாகப் போகும் கல்தான் வளையும் என்பது கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அதைக் கறுப்புத் துணிமேல் வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

முதல் சுற்றிலேயே மார்வா தன்னிடமிருந்த ஈயக்குண்டுகள் அத்தனையையும் வெண்டலின் பாதைக்குக் குறுக்கே விசிறி மாதிரி விரித்துவைத்தாள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் பகடை. எல்லாப் பகடையிலும் ஒற்றைப் புள்ளி. பிறகு தன் கப்பல்களைத் திருப்பிக்கொண்டு நிதானமாகப் பின்வாங்கினாள்.

வெண்டல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டான். "மார்வா, இது டார்பிடோவா, தபால் வண்டியா?"

"வந்து சேரும். உனக்கென்ன அவசரம்?"

"அது என்கிட்ட வர்றதுக்குள்ள ஈஸ்டர் வந்துடும்."

"அப்ப ஈஸ்டர் முட்டைக்கும் சேர்த்துச் சாயம் பூசிடலாம்."

கூட்டம் சிரித்தது. வெண்டலும் சிரித்துக்கொண்டே ஐந்தாம் வேகத்தில் பாய்ந்தான். அவனுக்கு வேறு பழக்கம் கிடையாது. இரண்டு சுற்றில் ஈயக்குண்டுகளுக்கு நேர் முன்னால் வந்துவிட்டான். பீரங்கிகளுக்கான பகடைகளைக் கைநிறைய அள்ளினான்.

"ஐஞ்சு தடவை சுடுவேன். எண்ணிக்கோ."

"ஒரு தடவைதான்," என்றாள் மார்வா.

"ஒண்ணுல வர்றதுக்கு ஐஞ்சு தடவை. விதியைப் படிச்சியா?"

"படிச்சேனே. ரெண்டும் ஒண்ணையொண்ணு நெருங்குற வேகத்தை வச்சுத்தான் சுடுற கணக்குன்னு எழுதியிருக்கு. என்னோடது ஒண்ணு. நீ கொண்டுவந்தது ஐஞ்சு. கூட்டிப் பாரு. நான் என்ன பண்ணுவேன், நீயில்ல ஓடிவந்தே. விதி எழுதினதும் நீதான்."

வெண்டல் விரல் விட்டுக் கூட்டிப் பார்த்தான். ஒரு முறை சுட்டான். இரண்டு டார்பிடோக்கள் அடிபட்டன. சின்னத் திருப்பம் திரும்பினான். ஐந்தில் ஓடுகிற கப்பலுக்கு அதற்கு மேல் திரும்ப முடியாது. ஒன்றில் கிடக்கிற டார்பிடோவோ நின்ற இடத்திலேயே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஒன்றைத் தவிர்த்து அடுத்ததன் மேல் போய் விழுந்தான். மூன்று வெடித்தன. 'இடியின் தகப்பன்' என்று அவன் செல்லமாகப் பெயரிட்ட தலைமைக் கப்பல், தேவாலயக் கூடத்தில் வைத்து ஒருமுறைகூட உடையாதது, மேசையை விட்டு இறங்கியது.

வீட்டில் ஆர்லன் கதை கேட்டான். மார்வா வேண்டுமென்றே நிறுத்தி நிறுத்தி, வெண்டல் கண்ணாடி துடைத்ததை நடித்துக் காட்டி, கூட்டலை மட்டும் இரண்டு தரம் சொன்னாள்.

"சிரிக்க வைக்காதடி, தையல் பிரிஞ்சுடும்," என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான் ஆர்லன்.

"இன்னும் அவன் மூஞ்சி எப்படிப் போச்சுன்னு சொல்லவே இல்லையே."

"வேண்டாம். நாளைக்குச் சொல்லு. நாளைக்கும் வேண்டாம்."

வெண்டல் நல்ல மனிதன்தான், ஆனால் தோற்றுப் பழக்கமில்லாதவன். அடுத்த வாரம் விதியில் ஒரு திருத்தம் வந்தது: எந்த டார்பிடோவையும் மூன்றுக்குக் குறைந்த வேகத்தில் விடக் கூடாது. காரணமாக எரிபொருள், உலோகக் குளிர்ச்சி என்று ஏதேதோ சொன்னான். மார்வா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். திங்கட்கிழமை காலை கம்பெனி வயர்லெஸ்ஸில் அவனைக் கூப்பிட்டாள்.

"வெண்டல், ஃபின்லாந்து போகணும்."

ஃபின்லாந்து என்பது அந்த ஏரிக்கரையோடு வடக்கே வெகுதூரம் போனால் காட்டுக்குள் வருகிற ஒரு சிற்றூர். அங்கே உண்மையிலேயே ஒரு ஹீட்டர் நின்றுபோயிருந்தது, அதில் பொய்யில்லை. பக்கத்திலேயே இன்னொரு மெக்கானிக் இருந்தானே என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை.

"பனி கொட்டுது, மார்வா."

"ஆமா. மெதுவாவே போ. ஆனா மூணுக்குக் குறையாம."

வயர்லெஸ்ஸைக் கேட்டுக்கொண்டிருந்த மற்ற வண்டிக்காரர்கள் எல்லாரும் சிரித்தது, பட்டாணி வறுபடுகிற சத்தம் மாதிரி வந்தது.

அடுத்த ஆட்டத்துக்கு வெண்டல் மாறி வந்தான். சூடு கண்ட பூனை மாதிரி ஆகிவிட்டிருந்தான். கப்பல்களை இரண்டாம் வேகத்தில், ஒவ்வோர் அடியாகத் தடவித் தடவி நகர்த்தினான். மூன்றில் எது வந்தாலும் நின்று நிதானமாகச் சுட்டுத் தள்ளிவிடலாம் என்று கணக்கு. மார்வா பைக்குள்ளிருந்து ஈயக்குண்டுகளை எடுத்து வரிசையாக வைத்தாள். பகடைகளை ஒவ்வொன்றாகத் திருப்பினாள். ஆறு. ஆறு. ஆறு. கடைசிவரை ஆறு.

"என்ன இது?" என்றான் வெண்டல்.

"மூணுக்குக் குறையக் கூடாதுன்னு சொன்னே. ஆறு மூணை விடக் கம்மியா?"

ஓடுகிற கப்பலாக இருந்தால் அந்தச் சின்னத் திருப்பம் அவனைக் காப்பாற்றியிருக்கும். இரண்டில் ஊர்கிற கப்பல் எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே இடத்தில்தான் இருக்கும். ஒரு முறை சுடுவதற்குள் எல்லாம் வந்து இறங்கிவிட்டன. இடியின் தகப்பன் அந்த மாதத்தில் இரண்டாம் முறையாக இறந்தான்.

வெண்டல் நாற்காலியில் உட்கார்ந்தான். "அப்ப நான் வேகமா வந்தாலும் போச்சு. மெதுவா வந்தாலும் போச்சு."

"வராமலே இருந்திருக்கலாம்," என்று ஆறுதல் சொன்னாள் மார்வா, அவன் முன்னால் ஒரு சாக்லேட் பார் துண்டை வைத்தபடி.

திருத்தம் அன்றே ரத்தானது. ஆனால் ஊரில் அதற்குள் ஒரு நோய் பரவிவிட்டது. எல்லாரும் மார்வாவைப் பார்த்து ஒன்றிலேயே விட ஆரம்பித்தார்கள், எதிரி ஓடிவரட்டும் என்று. எதிரியும் ஒன்றில் விட்டுவிட்டு, இவன் ஓடிவரட்டும் என்று உட்கார்ந்திருப்பான். ஒரு சனிக்கிழமை மதியம் முழுக்க யாருடைய டார்பிடோவும் யாரையும் போய்ச் சேரவில்லை. அனைவரும் காபியைக் குடித்து முடித்து, ஒருவரையொருவர் முறைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். இதற்கு மார்வாதான் காரணம் என்று வெண்டல் குறைப்பட்டுக்கொண்டான். மார்வா அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டாள். ஆர்லன் தேறி எழுந்த பிறகும் அவள் போவதை நிறுத்தவில்லை. ஆர்லனுக்கு அதில் வருத்தமில்லை. தோற்பதைவிடப் பக்கத்தில் நின்று பார்ப்பது சுகமாக இருக்கிறது என்று, நடுவர் வேலையை எடுத்துக்கொண்டான்.

அக்டோபரில் கனடா எல்லைக்கு அப்பாலிருந்து தண்டர் பே ஆட்கள் வந்தார்கள். வருஷத்துக்கு ஒரு முறை, ஒரு வருஷம் இங்கே, மறு வருஷம் அங்கே என்று இரண்டு ஊர்களும் மோதிக்கொள்ளும். அவர்களுக்குத் தலைவி ஐலா கொர்பெலா. பனிவண்டிகள் விற்கிறவள், நெட்டையான உருவம், சிரிக்காமலே நகைச்சுவை பேசுகிறவள். டுலூத் பக்கம் இரண்டு தலைமை: இடது அணி மார்வாவுக்கு, வலது அணி வெண்டலுக்கு.

அதற்கு முந்தின வாரம் இருவரும் வயர்லெஸ்ஸில் யுத்த ஆலோசனை நடத்தினார்கள்.

"நீ என்ன வேகத்துல விடப்போறே?" என்று கேட்டாள் மார்வா.

"ஆறு. எனக்கு வேற என்ன தெரியும்? பாயுறது, விடுறது. நீ?"

"ஒண்ணு. எனக்கும் வேற தெரியாதே. ஒரு மூலையில உட்கார்ந்துகிட்டிருப்பேன்."

"சத்தியமா?"

"சத்தியமா. நீ?"

"சத்தியமா."

இருவர் சொன்னதும் பொய். எதிரிகள் காதில் தன் புகழ் விழுந்திருக்கும், தான் மெதுவாகத்தான் விடுவேன் என்று எதிர்பார்ப்பார்கள், ஆகவே தான் பாய வேண்டும் என்பது மார்வாவின் யோசனை. அதை வெண்டலிடம் சொன்னால் அவன் ஒரு மணி நேரம் அறிவுரை சொல்வான். வெண்டல் என்ன நினைத்தான் என்பது அப்போது அவளுக்குத் தெரியாது.

அன்றைய மேசையின் நடுவில் வளையத்தின் தூசிப்படலத்துக்காகச் சாம்பல்நிறத் துணி ஒன்று விரித்திருந்தது. தூசிக்குள் வைக்கிற டார்பிடோ வெளியே தெரியாது. வைப்பவர் நடுவரின் காதில் மட்டும் இடத்தைச் சொன்னால் போதும். ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் வெண்டல் எழுந்து போய் ஆர்லன் காதில் நீளமாக ஏதோ சொல்வதை மார்வா பார்த்தாள். அவனுடைய ஆறுகளைத்தான் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

ஐலாவின் கப்பல்கள் அந்தப் பக்கம் அசையாமல் நின்றன. மார்வாவின் தபால் வண்டிகளுக்காகக் காத்திருக்கிறார்கள் என்பது தெளிவாகத் தெரிந்தது. மார்வாவுக்கு உள்ளூரக் குதூகலம் பொங்கியது. நின்றுகொண்டிருக்கும் கப்பல்கள், ஆறில் விட்டால் அப்படியே விழும். தன் அணி முழுவதையும் ஐந்தில் தள்ளினாள், தூசியின் நடுவாக, குறுக்கு வழியில்.

ஆர்லன் இருமினான்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல."

இன்னொரு சுற்று முன்னேறினாள். ஆர்லன் இப்போது குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு இருமினான். முகம் தக்காளி மாதிரி ஆகியிருந்தது. மார்வா கைப்பையைத் துழாவி ஓர் இருமல் மிட்டாயை எடுத்து நீட்டினாள். "வாயில போட்டுக்கோ. கூடத்துல இவ்வளவு குளிரா இருந்தா இப்படித்தான். வெண்டல், உன் தேவாலய ஹீட்டரைப் பார்க்க மாட்டியா?"

வெண்டலின் பார்வை அவளுடைய கப்பல்களின் மேல் இருந்தது. கையை லேசாக உயர்த்தினான், இறக்கிக்கொண்டான். கூட்டாளிக்குக்கூட எதையும் சைகை காட்டக் கூடாது என்பது விதி. அதையும் எழுதியவன் அவன்தான்.

மார்வா கப்பல்களை நகர்த்தி முடித்தாள். ஆர்லன் மிட்டாயைக் கன்னத்துக்கு ஒதுக்கினான்.

"மார்வா, உன் கப்பல்லாம் டார்பிடோ மேல ஏறிடுச்சு."

"எது?"

"எல்லாம்."

"யாரோட டார்பிடோ?"

வெண்டல் கூரையில் ஒழுகிய கறையை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

"என்ன வேகத்துல விட்டது?" என்று மெல்லக் கேட்டாள் மார்வா.

"ஒண்ணு," என்றான் ஆர்லன்.

"நம்ம டார்பிடோவுக்கு நம்ம கப்பலை அடையாளம் தெரியாதா?"

"விதியில அப்படி எதுவும் இல்ல," என்றான் வெண்டல், கூரையை விட்டுக் கண்ணெடுக்காமல். அவன் காது மடல்கள் சிவந்துபோயிருந்தன.

விளையாட்டாகத்தான் வந்தோம், ஜெயித்தாலும் தோற்றாலும் ஒன்றுதான் என்று மார்வா இத்தனை மாதமும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். அது உண்மையில்லை என்று அந்த நொடியில்தான் தெரிந்தது. தான் ஜெயிக்க ஆசைப்பட்டிருக்கிறோம், அதுவும் இவ்வளவு. பகடையைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வெண்டலைத் திட்டுவதற்கு வாயெடுத்தாள். அப்போது அவன் முகத்தைப் பார்த்தாள். சூடான சட்டியைத் தொட்டுவிட்டுச் சொல்லவும் முடியாமல் நிற்கிற ஆள் மாதிரி நின்றான். இவன், ஆறைத் தவிர வேறு அறியாத இவன், ஒரு வாரம் வீட்டில் உட்கார்ந்து மார்வாவின் பாணியைக் கற்றுக்கொண்டு, அவளுக்குத் தெரியாமல் செய்துகாட்டி அசத்த வேண்டும் என்று தூசிக்குள் ஒன்றொன்றாக வைத்திருக்கிறான்.

முதலில் மார்வாவின் தோள்கள் குலுங்கின. அப்புறம் சிரிப்பு வெடித்தது. நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார வேண்டியதாயிற்று. ஐலா கொர்பெலா ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அதே கல் முகத்தோடு சொன்னாள்: "நாங்க இன்னும் ஒரு குண்டுகூட விடலீங்க. நாங்க வேணும்னா காபி குடிச்சுட்டு வரட்டுமா? நீங்களே ஒருத்தரையொருத்தர் முடிச்சுடுவீங்க போல இருக்கு."

வெண்டல் தனியாக மிச்ச ஆட்டத்தை ஆடினான். மோசமாக ஆடவில்லை. ஆனால் ஐலா விவரமானவள். முதலில் ஒன்றில் சிலதை விட்டாள், சில சுற்றுகள் கழித்து மூன்றில் சிலது, கடைசியாக ஆறில் மிச்சம். முன்னால் கிளம்பியதும் பின்னால் கிளம்பியதும் ஒரே சுற்றில் வெண்டலின் வாசலில் வந்து நின்றன. எதைச் சுடுவது என்று அவனுடைய பீரங்கிகளுக்கு விளங்கவில்லை. மெதுவானதைச் சுட்டால் வேகமானது நுழைந்தது. வேகமானதைப் பார்த்தால் மெதுவானது பக்கவாட்டில் திரும்பிக்கொண்டு வந்தது. மார்வா அதைப் பார்த்து மெய்மறந்து கை தட்டினாள். தன் பக்கம்தான் தோற்கிறது என்பதை ஆர்லன் நினைவூட்ட வேண்டியிருந்தது.

வீட்டுக்குப் போகும்போது காரில் அவள் பேச்சைத் தொடங்கினாள்.

"உனக்குத் தெரிஞ்சிருக்கு."

"நான் நடுவர், மார்வா."

"தெரிஞ்சுகிட்டே என் மிட்டாயையும் வாங்கிச் சாப்பிட்டிருக்கே."

"நீதானே குடுத்தே."

"கல்யாணத்தன்னிக்கே இன்னும் கொஞ்சம் யோசிச்சிருக்கணும்," என்றாள் மார்வா. ஆர்லன் சிவப்பு விளக்கில் நின்று தண்ணீர் பாட்டிலைத் தேடினான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, வெண்டல் கருவிப்பெட்டியோடு அவர்கள் வீட்டு வாசலில் நின்றான். யாரும் கூப்பிடவில்லை. நேராக நிலவறைக்கு இறங்கிப் போனான். வெகுநேரம் தட்டுகிற சத்தம் கேட்டது. மேலே வந்தபோது மூக்கில் கரி.

"உங்க ஹீட்டர் நல்லா இருக்கு."

"தெரியும். போன வாரம்தானே பார்த்தே."

"இன்னொரு தடவை பார்த்தேன்."

"சரி. உட்காரு," என்றாள் மார்வா. முதல்நாள் மீந்த, இறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் சுட்ட ஹாட்டிஷை, மேலே உருளைக்கிழங்கு மொறுமொறுப்பாக இருந்த பக்கமாகப் பார்த்து அவனுக்கு வெட்டிவைத்தாள். ஆர்லனுக்கு ஓரத்திலிருந்த கருகின துண்டு கிடைத்தது. மன்னிப்பு என்ற வார்த்தையை யாரும் சொல்லவில்லை. அவர்கள் யாருக்கும் அந்தப் பழக்கம் இல்லை.

குளிர்காலம் வருவதற்குள் ஐலாவிடமிருந்து போன் வந்தது. "அடுத்த வருஷம் எங்க பக்கம் ஆடுறீங்களா? உங்க ஊர்க்காரங்க உங்களைச் சுடறாங்க. எங்க ஊர்ல எதிரியை மட்டும்தான் சுடுவோம்." மார்வா இந்த முறை யோசிக்கவே இல்லை. சரி என்று சொல்லிவிட்டு, ஆர்லனிடம் மட்டும் சொல்லி, அவனிடம் சத்தியம் வாங்கினாள். அடுத்த வருஷ ஆட்டத்துக்கு நான்கு நாள் முன்பு, வயர்லெஸ்ஸில் எல்லா வண்டிகளுக்கும் கேட்கும்படி வெண்டலிடம் அறிவித்தாள். மறுமுனையில் வெண்டலின் குரல்: "இது தேசத்துரோகம்." கொஞ்சம் விட்டு, "எந்த அணி, இடதா வலதா?"

"சொல்ல மாட்டேன்."

தண்டர் பே போகிற வழியில், பிஜன் ஆற்றங்கரை எல்லைச் சோதனைச் சாவடியில் கனடா அதிகாரி ஒருத்தி காருக்குள் குனிந்து பார்த்தாள்.

"எதுக்காக வர்றீங்க?"

"சண்டை போட," என்றாள் மார்வா.

ஆர்லன் ஸ்டியரிங்மேல் நெற்றியை வைத்துக்கொண்டான்.

"யார்கூட?"

"அமெரிக்கா கூட. நான் உங்க பக்கம்."

அதிகாரி சிரித்தாளா இல்லையா என்று தெரியவில்லை. காரை ஓரமாக நிறுத்தச் சொன்னாள். டிக்கியைத் திறந்து, பெட்டியைத் திறந்து, சிவப்பு ஈயக்குண்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். பக்கத்து வரிசையில் வெண்டலின் வண்டி வந்து நின்றது, இரண்டு கேள்வியோடு தாண்டிப் போனது. போகும்போது அவன் வண்டிக் கண்ணாடியை இறக்கி, ராஜா மாதிரி கையசைத்துவிட்டுப் போனான்.

அவள் போய்ச் சேர்ந்தபோது ஆட்டம் தொடங்கியிருக்க வேண்டிய நேரம் எப்போதோ கடந்திருந்தது. விதிப்படி அவளுடைய அணி ஆடாமலே தோற்றதாக ஆகியிருக்க வேண்டும். மேசை விரித்தபடியே இருந்தது. வெண்டல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "நீங்க வராம ஆரம்பிக்க முடியாதுன்னுட்டார்," என்றாள் ஐலா. "விதியை நாங்களே எவ்வளவோ எடுத்துச் சொல்லிப் பார்த்தோம்."

அன்று வெண்டல் அவளை ஜெயித்தான். முதலில் ஒன்று, அப்புறம் மூன்று, கடைசியில் ஆறு, எல்லாம் ஒரே சுற்றில் அவள் வாசலுக்கு வந்தன. நடுவில் ஒரு கப்பலை ஐந்தில் பாயவும் விட்டான், சும்மா பழக்கத்துக்காக. மார்வாவின் கடைசிக் கப்பல் மேசையை விட்டு இறங்கியபோது அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எழுந்தான், உட்கார்ந்தான், தன் அணிக்காரர்கள் எல்லாருக்கும் கை கொடுத்தான், தப்பித்தவறி எதிரணிக்கும் கொடுத்தான். பிறகு அந்த ஊர்க்காரர்கள் சாப்பிடுகிற, இளஞ்சிவப்பு இனிப்புப் பூசின ரொட்டியில் ஒன்றை எடுத்துக் கடித்தான். மீசை முழுக்க இளஞ்சிவப்பானது. யாரும் அதைச் சொல்லவில்லை. மார்வா கண்ணாலேயே அனைவரையும் எச்சரித்துவைத்திருந்தாள்.

ஐலா அவள் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள். "அடுத்த வருஷத்துக்கு இவரை எங்க பக்கம் இழுத்துடலாமா?"

"தாராளமா கேளுங்க. ஆனா நான் சொன்னதா சொல்லாதீங்க," என்றாள் மார்வா. "அவன் இந்தப் பக்கம் வந்தா, அவனோட மோத நான் அந்தப் பக்கம் போயாகணும்ல."

அந்த மீசையோடுதான் வெண்டல் எல்லையைத் தாண்டி, டுலூத் வரைக்கும் வண்டி ஓட்டிக்கொண்டு போனான்.